வீட்டில் வைத்துப் பார்க்கும் சின்ன ஈ.சி.ஜி. கருவி: திருகோணமலையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வைத்தியசாலைகளில் ஈ.சி.ஜி. எடுக்கும் வேலையில் பல வருடம் இருந்து ஓய்வு பெற்றவன் நான். வீடு உவர்மலையில். கனடாவிலும் லண்டனிலும் இருக்கும் பிள்ளைகள் தாய் தகப்பனுக்கு அனுப்பிவைத்த கருவியைக் கையில் பிடித்துக்கொண்டு யாராவது ஒருவர் அடிக்கடி படலையைத் தட்டுவார். கேட்பவை பெரும்பாலும் ஒரே கேள்விகள்தான். அதனால் எழுதி வைக்கிறேன். நான் டொக்டர் இல்லை. எந்தக் குளிசை, எவ்வளவு என்பதை உங்கள் டொக்டரிடம்தான் கேட்க வேண்டும். படத்தை ஒழுங்காக எடுப்பதும், அதை எப்போது யாரிடம் கொண்டுபோவது என்பதும் எனக்குத் தெரிந்த தொழில்.

இந்தக் கருவி என்ன செய்கிறது? உடம்புக்குள் கரண்ட் விடுமா?

விடாது. இதயம் துடிக்கும் ஒவ்வொரு தடவையும் அதற்குள் ஒரு மின் அலை ஓடுகிறது. அது தோலுக்கு வந்து சேரும்போது சுமார் 1 மில்லிவோல்ட்தான் இருக்கும். கருவிக்குள் இருக்கும் சின்னப் பட்டரியின் 3 வோல்ட்டோடு பார்த்தால் மூவாயிரத்தில் ஒரு பங்கு. அந்தச் சின்ன அலையை இரண்டு உலோகத் தகடுகள் வழியாக வாங்கி, போனுக்கு அனுப்பி, 30 விநாடிக்குக் கோடாக வரைகிறது. அவ்வளவுதான் அதன் வேலை.

வலது கைக்கும் இடது கைக்கும் இடையில் பார்ப்பதை லீட் 1 என்போம். இந்தப் பார்வையை நமக்குத் தந்தவர் வில்லெம் ஐந்தோவன் என்ற ஒல்லாந்து விஞ்ஞானி. யாவாத் தீவின் செமராங்கில் பிறந்தவர், 1924இல் நோபல் பரிசு பெற்றவர். அவருடைய காலத்தில் நோயாளி கைகளையும் காலையும் உப்புத் தண்ணீர் வாளிகளுக்குள் வைத்துக்கொண்டு உட்கார வேண்டும். இன்று நாம் விரலைக் கொஞ்சம் ஈரமாக்கிப் பிடிப்பதும் அதே காரணத்துக்குத்தான்.

அம்மாவுக்கு வாங்கத்தான் வேண்டுமா? யாருக்கு இது பயன்படும்?

வந்து வந்து போகும் படபடப்பு உள்ளவருக்கு. இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது.

சம்பூர்ப் பக்கத்திலிருந்து ஓர் அம்மா வருவார். இரவில் திடீரென்று நெஞ்சு அடித்துக்கொள்ளும். கால் மணித்தியாலம், சில நேரம் அரை மணித்தியாலம். வாகனம் பிடித்து வந்து, துண்டு எடுத்து, வரிசையில் இருந்து என் கட்டிலில் படுக்கும்போது எல்லாம் அடங்கியிருக்கும். படம் சுத்தமாக வரும். இப்படி ஆறு தடவை. 'உங்களுக்கு ஒன்றும் இல்லை, பயம்தான்' என்று சொல்லி அனுப்பினார்கள். ஏழாவது தடவை வந்தபோது அது அடங்கியிருக்கவில்லை, அப்போதுதான் பிடிபட்டது. அந்த ஆறு தடவையும் அவருடைய கையில் இப்படி ஒன்று இருந்திருந்தால் என்று இன்றைக்கும் நினைப்பேன். 2009இல் கிண்ணியாப் பாலம் திறப்பதற்கு முன்பு பாதைப் படகுக்குக் காத்திருந்து வந்தவர்களை நினைத்தால் இன்னும் கவலையாக இருக்கும்.

பிரித்தானியாவில் 10 வைத்தியசாலைகளில் படபடப்போடு வந்தவர்களை இரண்டு பிரிவாக்கி ஓர் ஆய்வு செய்தார்கள். 2019இல் வெளிவந்தது. ஒரு பிரிவுக்கு வழக்கமான கவனிப்பு மட்டும், மற்றதற்கு அதோடு போனில் வேலை செய்யும் இந்தச் சின்னக் கருவி. 90 நாளில், படபடப்பு வந்த நேரத்துத் துடிப்பு கருவி வைத்திருந்தவர்களில் 55 சதவீதத்துக்கு மேற்பட்டோருக்குப் பிடிபட்டது. மற்றப் பிரிவில் 10 சதவீதத்துக்கும் குறைவு.

65 வயது தாண்டியவர்கள், பிரஷர் அல்லது சீனி வியாதி உள்ளவர்கள், சிறுவயதில் ருமாட்டிக் காய்ச்சல் வந்து இதய வால்வு பழுதானவர்கள், காரணம் தெரியாத பக்கவாதம் வந்தவர்கள் ஆகியோருக்கும் டொக்டர் சொன்னால் நல்லது. நெஞ்சில் எந்தத் தொந்தரவும் இல்லாத முப்பது வயதுக்காரர் வாங்க வேண்டாம். காசும் போகும், நிம்மதியும் போகும்.

நெஞ்சு வலி வந்தால் பிடித்துப் பார்க்கலாமா?

கூடாது. இந்தப் பக்கத்தில் ஒரு பதிலை மட்டும் வாசிக்க நேரம் இருந்தால் இதை வாசியுங்கள்.

மாரடைப்பை இந்தக் கருவி கண்டுபிடிக்காது. வைத்தியசாலையில் நாங்கள் பத்து இடத்தில் வயர் பூட்டி, பன்னிரண்டு பக்கத்திலிருந்து இதயத்தைப் பார்க்கிறோம். இது ஒரே பக்கத்திலிருந்து பார்க்கிறது. முன்வாசலில் நின்று பார்ப்பவருக்கு வீட்டின் பின்பக்கம் எரிவது தெரியாது. கருவி 'நார்மல்' என்று காட்டும், ஆனால் இரத்தக் குழாய் அடைத்துக் கிடக்கும். அந்தச் சொல்லை நம்பி, 'காஸ்ட்ரைட்டிஸ்தான்' என்று ஒரு சோடாவைக் குடித்துவிட்டுப் படுத்தவர்களின் செத்தவீட்டுக்கு நான் போயிருக்கிறேன்.

நெஞ்சில் இறுக்கம் அல்லது பாரம், இடது கைக்கோ தாடைக்கோ ஏறும் வலி, குளிர்ந்த வியர்வை, மூச்சு வாங்குதல், மயக்கம், இவற்றில் எது வந்தாலும் கருவியை மேசையில் வைத்துவிட்டு 1990 சுவசெரிய அம்புலன்ஸுக்கு அழையுங்கள். அது இலவசம். சீனி வியாதிக்காரருக்கும் பெண்களுக்கும் வலி பெரிதாக இல்லாமல் களைப்பும் மூச்சு முட்டலும் மட்டுமே வரலாம். முகம் ஒரு பக்கம் கோணினாலும், ஒரு கை தூக்க முடியாமல் விழுந்தாலும், பேச்சுக் குழறினாலும் இதே எண்தான். அடைபட்ட மூளைக் குழாயைக் கரைக்கும் மருந்தை வழக்கமாக முதல் நாலரை மணித்தியாலத்துக்குள் கொடுக்க வேண்டும். மூதூர், ஈச்சிலம்பற்றுப் பக்கத்தில் இருப்பவர்களுக்கு அந்த நேரத்தில் ஒரு பங்கு தெருவிலேயே போய்விடும். அதில் படம் எடுக்க ஐந்து நிமிடத்தைச் செலவழிக்காதீர்கள்.

எப்படிப் பிடிக்க வேண்டும்?

முதலில் ஐந்து நிமிடம் சும்மா இருங்கள். வேலை செய்த களைப்போடு பிடித்தால் நெஞ்சு வேகமாகத்தான் ஓடும். படபடப்பு வந்திருக்கும் நேரம் என்றால் காத்திருக்க வேண்டாம், உடனே பிடியுங்கள். அதைப் பிடிக்கத்தானே கருவி.

முதுகு சாயும் கதிரையில் இருந்து, மேசையில் ஒரு தலையணை வைத்து, இரண்டு முழங்கையும் அதில் ஊன்றுங்கள். கை அந்தரத்தில் இருந்தால் தசை நடுங்கும், அந்த நடுக்கமும் படத்தில் ஏறும். வலது கை விரல் இரண்டு ஒரு தகட்டில், இடது கை விரல் இரண்டு மற்றத் தகட்டில். மெதுவாக வைத்தால் போதும். பயத்தில் இறுக்கிப் பிடிப்பவர்கள்தான் அதிகம், அப்போது விரல் நகம் வெளிறிப்போகும். நகம் வெளிறினால் பிடி இறுக்கம் என்று எடுத்துக்கொள்ளுங்கள். கைகள் இரண்டும் ஒன்றோடொன்று முட்டக் கூடாது. பேசக் கூடாது, மூச்சை அடக்கவும் கூடாது. சாதாரணமாக மூச்சு விட்டுக்கொண்டு 30 விநாடி.

தகட்டில் இடம் வலம் மாறினால் கோடு தலைகீழாக வரும். பயப்பட வேண்டாம், மாற்றிப் பிடியுங்கள். எந்தப் பக்கம் இடது கைக்கு என்று ஒரு சின்னத் துண்டு ஒட்டி, கறுப்பு மையில் 'இ' என்று எழுதிவிடுங்கள். வயதானவர்களுக்கு இது பெரிய உதவி.

ஆறு பக்கத்திலிருந்து பார்க்கும் ஆறு லீட் கருவி என்றால் பின்பக்கத்தில் மூன்றாவது தகடு இருக்கும். அதை இடது முழங்காலில் அல்லது இடது கணுக்காலில் வெறும் தோலில் வைக்க வேண்டும். சாறத்துக்கு மேலோ காற்சட்டைக்கு மேலோ வைத்தால் வராது.

'வாசிக்க முடியவில்லை' என்றே திரும்பத் திரும்ப வருகிறது. கருவி பழுதா?

பெரும்பாலும் பழுது இல்லை. திருக்கடலூரிலிருந்து கடற்றொழில் செய்யும் ஐயா ஒருவர் கருவியைக் கோபத்தோடு கொண்டுவந்தார். அவருடைய விரலைத் தொட்டுப் பார்த்தேன். நாற்பது வருடம் வலைக்கயிறு இழுத்த விரல். நுனித் தோல் காய்ந்த தேங்காய்ச் சிரட்டை மாதிரி. அந்தத் தோல் மின்சாரத்தை விடாது. ஒரு கிண்ணத்தில் தண்ணீர் வைத்து விரல்களை ஒரு நிமிடம் ஊறவிட்டு, சொட்டாமல் துடைத்து, விரலின் நடுக்கணுப் பக்கத்து மென்மையான தோலைத் தகட்டில் வைக்கச் சொன்னேன். முதல் தடவையிலேயே அழகான கோடு வந்தது. கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் எல்லோருடைய தோலும் காய்ந்துதான் இருக்கும். ஈரத்துணியால் துடைத்துவிட்டுப் பிடியுங்கள்.

நேர்மாறான காரணம் எண்ணெய். தலைக்கு எண்ணெய் வைத்த கை, மீன் பொரித்த கை, கிறீம் பூசிய கை. சவர்க்காரம் போட்டுக் கழுவினால் சரி. தகட்டிலும் எண்ணெய் ஏறியிருக்கும், அதையும் துடைக்க வேண்டும்.

அடுத்தது வீட்டுக் கரண்ட். போனைச் சார்ஜில் போட்டுக்கொண்டு எடுக்காதீர்கள். ஃபிரிஜ், மின்விசிறி, வயர் ஓடும் சுவர் ஆகியவற்றிலிருந்து தள்ளி இருங்கள். கோடு முழுவதும் வாள்பல் போல ஒரே சீராகச் சிலிர்த்திருந்தால் அது கரண்ட். கனடாவிலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் அமைத்து வந்த போன்களில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. அங்கே மின்சாரம் 60 ஹெர்ட்ஸ், இங்கே 50. சில ஆப்களில் மின் இரைச்சலை வடிகட்டும் அமைப்பு இருக்கும். அது 60இல் நின்றால் இங்கத்தைய இரைச்சலை வடிக்காது. ஆப்பின் அமைப்புக்குள் போய் 50 ஆக்குங்கள். இதைச் சொல்லிக் கொடுத்து நான் 'பழுதான' கருவிகள் பலதைத் திருத்தியிருக்கிறேன்!

கார்டியாமொபைல் என்ற பெயரில் விற்கும் ஒற்றை லீட் கருவிக்கு ஒரு விசேஷம் உண்டு. அது புளூடூத்தில் பேசுவதில்லை, மனிதக் காதுக்குக் கேட்காத ஒலியில் போனின் மைக்கோடு பேசுகிறது. அந்த ஆப்புக்கு மைக் அனுமதி கொடுக்காவிட்டால் எதுவும் வராது. கருவியைப் போனின் மைக்குக்குப் பக்கத்தில் வைத்தே பிடிக்க வேண்டும்.

ஓடும் பஸ், முச்சக்கரவண்டி, படகு ஆகியவற்றில் எடுக்க வேண்டாம்.

கோட்டில் நாங்கள் என்ன பார்க்க வேண்டும்?

இரண்டு விஷயம் போதும். உயரமாக எழும்பும் கூர்களைக் கோபுரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கோபுரத்துக்கும் கோபுரத்துக்கும் இடைவெளி ஒரே அளவா? ஒவ்வொரு கோபுரத்துக்கும் முன்னால் ஒரு சின்ன மேடு இருக்கிறதா? அந்த மேடு இதயத்தின் மேலறைகள் சுருங்குவதன் அடையாளம். பெயர் பி அலை. மேடு, கோபுரம், மேடு, கோபுரம் என்று ஒரே தாளத்தில் போனால் நல்லது. மூச்சு உள்ளே இழுக்கும்போது கொஞ்சம் கிட்டவும், விடும்போது கொஞ்சம் தள்ளியும் வருவது, முக்கியமாக இளம் ஆட்களில், இயல்பானது.

வேகம் தெரிய வேண்டுமென்றால் 30 விநாடிப் படத்தில் கோபுரங்களை எண்ணி இரண்டால் பெருக்குங்கள். சும்மா இருக்கும்போது 60 தொடக்கம் 100 வரை வழக்கமானது. தூக்கத்தில் 50க்குக் கீழ் போவதும் பலருக்கு உண்டு.

'பொசிபிள் ஏட்ரியல் பிப்ரிலேஷன்' என்று வந்துவிட்டது. என்ன அர்த்தம்?

டொக்டர்கள் சுருக்கமாக ஏ.எஃப். என்பார்கள். மேலறைகள் சேர்ந்து சுருங்காமல், கொதிக்கும் கஞ்சி போல நிமிடத்துக்கு 350க்கும் மேலே குமிழியிடுகின்றன. மேடு காணாமல் போய்விடும், கோபுரங்கள் எந்தக் கணக்கும் இல்லாமல் ஒருமுறை கிட்ட, ஒருமுறை தள்ளி விழும்.

இதில் பயப்பட வேண்டியது துடிப்பை அல்ல, தேங்கும் இரத்தத்தை. இடது மேலறையில் ஒரு சின்னப் பை போன்ற பகுதி இருக்கிறது. அதற்குள் இரத்தம் தேங்கி உறைந்து, அந்தக் கட்டி மூளைக்கு ஏறினால் பக்கவாதம். ஏ.எஃப். உள்ளவருக்கு அந்த ஆபத்து மற்றவர்களைவிட ஏறத்தாழ ஐந்து மடங்கு. பலருக்கு எந்த உணர்வும் இருக்காது, பக்கவாதம் வந்த பிறகுதான் ஏ.எஃப். இருந்ததே தெரியும்.

'பொசிபிள்' என்றால் 'இருக்கலாம்'. தீர்ப்பு அல்ல. கை நடுக்க நோய் உள்ளவருக்கும், இடையிடையே மிகைத்துடிப்பு (நேரத்துக்கு முந்தி வரும் துடிப்பு) வருபவருக்கும் கருவி தவறாக இப்படிச் சொல்வதுண்டு. பத்து நிமிடம் கழித்து, கையை நன்றாக ஊன்றி இன்னொன்று எடுங்கள். இரண்டையும் அழிக்காமல் வைத்திருங்கள். ஆள் நன்றாக இருந்தால் நள்ளிரவில் ஓட வேண்டியதில்லை. அடுத்த நாளோ அந்த வாரத்துக்குள்ளோ டொக்டரிடம் போங்கள். ஒற்றை லீட் படமானாலும், 30 விநாடி தெளிவாக இருந்து டொக்டர் கண்ணால் பார்த்து ஒப்புக்கொண்டால் ஏ.எஃப். என்று உறுதிப்படுத்தலாம் என்பது ஐரோப்பிய இதயவியல் சங்கத்தின் 2020 வழிகாட்டி. ஆனபடியால் உங்கள் படத்துக்குப் பெறுமதி உண்டு.

டொக்டர் இரத்தம் உறையாமல் இருக்க மருந்து தரலாம். அஸ்பிரின் இதற்குப் போதாது, பக்கத்து வீட்டுக்காரர் போடுகிறார் என்று நீங்களாகத் தொடங்க வேண்டாம். ருமாட்டிக் காய்ச்சலால் மைட்ரல் வால்வு (இதயத்தின் இடது பக்கத்து வால்வு) நன்றாகச் சுருங்கியவர்களுக்குப் புதிய மருந்துகளைவிட வார்ஃபரின் என்ற பழைய உறைவுத் தடுப்பு மருந்துதான் சரி. அதனால் பழைய வால்வு வியாதி இருந்தால் டொக்டருக்கு முதலே சொல்லுங்கள். வார்ஃபரின் போடுபவர்கள் ஐ.என்.ஆர். என்ற, இரத்தம் உறையும் வேகத்தைப் பார்க்கும் பரிசோதனையைத் தவறவிடக் கூடாது. பெரும்பாலானவர்களுக்கு 2க்கும் 3க்கும் இடையில் வைத்திருப்பார்கள். வல்லாரைச் சம்பலையும் முருங்கையிலை வறையையும் அடியோடு நிறுத்தத் தேவையில்லை. ஒரு கிழமை மலையாகவும் அடுத்த கிழமை ஒன்றுமில்லாமலும் சாப்பிடாமல், ஒரே அளவாகச் சாப்பிடுங்கள்.

'அன்கிளாசிபைட்' என்று வருகிறதே?

கருவிக்கு அது எந்த வகை என்று தெரியவில்லை என்று அர்த்தம். துடிப்பு வேகமாக, மெதுவாக, அல்லது வேறு வகையாக இருந்தாலும் இப்படி வரும். ஒன்றிரண்டு தடவை வந்தால் பொருட்படுத்தாதீர்கள். எப்போதும் அதுவே வந்தால் படங்களை டொக்டரிடம் காட்டுங்கள்.

ஒரு துடிப்பு நின்று, பிறகு 'டமார்' என்று அடிக்கிறது. இதயம் நின்றுவிடுமா?

இது மிகைத்துடிப்பு. ஒரு துடிப்பு நேரத்துக்கு முந்தி வந்துவிடுகிறது. அதற்குப் பின் ஒரு சின்ன இடைவேளை. அந்த இடைவேளையில் இதயத்துக்குள் கூடுதல் இரத்தம் நிரம்புவதால் அடுத்த அடி பலமாக விழுகிறது. நீங்கள் உணர்வது அந்தப் பலமான அடியைத்தான். நல்ல சுகதேகிகளுக்கும் வரும். நித்திரை முழிப்பு, தொடர்ந்து குடிக்கும் சாயத்தேநீர், மன அழுத்தம், வெயிலில் வியர்த்துத் தண்ணீர் குடிக்காமல் விட்டது, வயிற்றோட்டத்தில் பொட்டாசியம் குறைந்தது எல்லாம் இதைக் கூட்டும். ஒரு படம் எடுத்து வைத்துக்கொண்டு டொக்டரிடம் காட்டுங்கள், தைரொய்டும் ஒருமுறை பார்க்கச் சொல்வார். மயக்கம் வந்தாலோ, குடும்பத்தில் இளவயதில் திடீரென்று இறந்தவர் இருந்தாலோ தாமதிக்க வேண்டாம்.

மகளுக்கு 24 வயது. திடீரென்று 180க்கு ஏறி, சுவிட்ச் அணைத்த மாதிரி நின்றுவிடுகிறது. பயந்து வருவதுதானே?

பயத்தில் வரும் வேகம் மெல்ல ஏறி மெல்ல இறங்கும். சுவிட்ச் போட்ட மாதிரித் தொடங்கி, அணைத்த மாதிரி நின்றால் எஸ்.வி.டி. என்ற வேறு சங்கதியாக இருக்கலாம். இதயத்துக்குள் மின்சாரம் ஒரு குறுக்குப் பாதையில் வட்டமடிக்கிறது. இளம் பெண்களுக்கு வந்தால் 'பரீட்சைப் பயம்', 'கலியாணக் கவலை' என்று தட்டிக் கழிப்பதைப் பார்த்து எனக்கு மனம் நொந்திருக்கிறது. அவளுக்கு அது வரும்போது ஒரே ஒரு படம் எடுத்துவிட்டால் போதும், கதை மாறிவிடும். அந்தக் குறுக்குப் பாதையைச் சுட்டு அடைக்கும் சிகிச்சை இருக்கிறது, பெரும்பாலானவர்களுக்கு அதோடு பிரச்சினை தீர்ந்துவிடும்.

10 மில்லி சிரிஞ்சுக்குள் 15 விநாடி பலமாக ஊதி, உடனே மல்லாக்கப் படுத்து, காலை உயர்த்தும் ஒரு முறையால் எஸ்.வி.டி.யை நிறுத்தலாம். 2015இல் வெளிவந்த இங்கிலாந்து ஆய்வில் இந்த முறையில் 43 சதவீதமானவர்களுக்கு நின்றது. படுத்துக் காலை உயர்த்தாமல் ஊதியவர்களுக்கு 17 சதவீதம். டொக்டர் படத்தைப் பார்த்துச் சொல்லிக் கொடுத்த பிறகு மட்டும் செய்யுங்கள். மயக்கம், மூச்சுத் திணறல் இருந்தால் 1990.

ஒரு நாளைக்கு எத்தனை தடவை எடுப்பது?

படபடப்பு வரும்போது எடுங்கள். அது வராத நாளில், வெளியே தெரியாத ஏ.எஃப். தேடச் சொல்லி டொக்டர் சொல்லியிருந்தால், காலையும் மாலையுமாக இரண்டு கிழமை. சுவீடனில் வயதானவர்களுக்குச் செய்த பெரிய பரிசோதனைத் திட்டத்தில் கடைப்பிடித்ததும் இதைத்தான்.

அரை மணித்தியாலத்துக்கு ஒருமுறை எடுப்பவர்கள் இருக்கிறார்கள். ஒருவருடைய போனில் ஒரே நாளில் 41 படம் கண்டேன். 41இலும் ஒன்றும் இல்லை. ஆனால் அந்த மனிதருக்கு நித்திரை இல்லை, சாப்பாடு இறங்கவில்லை. அவருடைய மனைவியிடம் கருவியைக் கொடுத்து அலுமாரியில் வைக்கச் சொன்னேன். அப்படி ஆகிவிட்டால் அதையும் டொக்டரிடம் சொல்ல வேண்டும். பயமும் ஒரு வருத்தம்தான், அதற்கும் மருந்தும் ஆலோசனையும் உண்டு.

டொக்டரிடம் எப்படிக் காட்டுவது? போனை நீட்டினால் பார்க்க நேரமில்லை என்கிறார்களே.

கிளினிக்கில் வரிசை நீளம், அவர்களைக் குறை சொல்ல முடியாது. நாம் ஆயத்தமாகப் போவோம். ஆப்பில் ஒவ்வொரு படத்தையும் பி.டி.எஃப். ஆக எடுக்கலாம். ஸ்கிரீன்ஷொட் வேண்டாம், அதில் கோட்டின் பாதியும் அளவும் வெட்டுப்பட்டுவிடும். பி.டி.எஃப்.ஐக் கொமியூனிகேஷன் கடைக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பி ஏ4 தாளில் அச்சடியுங்கள். 'முழு அளவில், சுருக்காமல்' என்று சொல்லுங்கள். சுருக்கினால் கட்டங்கள் சிறுத்து அளவு பிழைக்கும். படத்தின் ஓரத்தில் 25 மி.மீ. ஒரு விநாடி, 10 மி.மீ. ஒரு மில்லிவோல்ட் என்று இருக்கும். பெரிய கட்டம் ஒன்று அடிமட்டத்தில் 5 மி.மீ. வந்தால் அச்சு சரி.

நாற்பது தாள் கொண்டுபோகாதீர்கள். படபடப்பு இருந்தபோது எடுத்தவை இரண்டு, நன்றாக இருந்தபோது எடுத்தது ஒன்று. ஒவ்வொன்றின் பின்பக்கத்திலும் பேனையால் எழுதுங்கள்: எத்தனை மணி, என்ன செய்துகொண்டிருந்தீர்கள், எவ்வளவு நேரம் இருந்தது, மயக்கம் வந்ததா, அன்று என்ன குளிசை போட்டீர்கள். தாள்களைக் கிளினிக் கொப்பிக்குள் ஊசி அடித்து வையுங்கள்.

பேஸ்மேக்கர் வைத்தவர் பிடிக்கலாமா?

டொக்டரைக் கேட்காமல் வேண்டாம். கருவி பேஸ்மேக்கரைக் கெடுத்துவிடும் என்பதால் அல்ல, பேஸ்மேக்கர் துடிப்பை இது பிழையாக வாசிக்கும் என்பதால். போனையும் இடது சட்டைப் பையில் வைக்காமல், நெஞ்சிலிருந்து 15 சென்ரிமீற்றராவது தள்ளி வையுங்கள்.

கைக்கடிகாரமும் பிரஷர் மெஷினும் விரலில் மாட்டுவதும் இருக்கின்றனவே, போதாதா?

விரலில் மாட்டுவதும் பெரும்பாலான கடிகாரங்களும் வெளிச்சத்தால் நாடித் துடிப்பை எண்ணுகின்றன. எண் கிடைக்கும், படம் கிடைக்காது. சில கடிகாரங்களில் மற்றக் கை விரலைத் தொட்டு இதே லீட் 1 படத்தை எடுக்கலாம், அப்படியானதென்றால் சரி. பிரஷர் மெஷினில் சின்ன இதயக் குறியோடு ஒழுங்கற்ற துடிப்பு என்று அடையாளம் வந்தால், அதை ஒரு மணியடிப்பாக எடுத்துக்கொண்டு ஈ.சி.ஜி. எடுங்கள். ஏ.எஃப். உள்ளவருக்கு அந்த மெஷினின் பிரஷர் எண்ணும் தடவைக்குத் தடவை மாறும், மூன்று தடவை எடுத்துச் சராசரி பாருங்கள்.

படம் நார்மல் என்று வருகிறது. குளிசையை நிறுத்தலாமா?

நிறுத்த வேண்டாம். குளிசை வேலை செய்வதால்தான் நார்மல் வருகிறதோ என்னவோ. ஏ.எஃப். வந்து வந்து போவது, இன்றைக்கு இல்லையென்றால் உறைவு ஆபத்து போய்விட்டது என்று அர்த்தமில்லை. மறுபக்கம், துடிப்பின் வேகத்தைக் குறைக்கும் பைசொப்ரொலொல், டிகொக்சின் போடுபவருக்குத் துடிப்பு 50க்குக் கீழே வந்து தலையும் சுற்றினால் அன்றைக்கே டொக்டரிடம் கேளுங்கள்.

நாங்கள் ரொறொன்ரோவில். அம்மா பாலையூற்றில் தனிய இருக்கிறா. கருவியை அனுப்பினால் போதுமா?

கருவியோடு ஓர் ஆளையும் ஏற்பாடு செய்யுங்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளை, ஒரு பெறாமகன், யாராவது. முதல் கிழமை முழுவதும், நெஞ்சு நன்றாக இருக்கும் நேரத்திலேயே, அந்த ஆள் பக்கத்தில் இருந்து தினமும் ஒரு தடவை எடுத்துப் பழக்க வேண்டும். படபடப்பு வந்த இரவில்தான் முதல்முதல் பெட்டியைத் திறந்தால் கை நடுங்கும், கடவுச்சொல் நினைவு வராது.

ஆப்பில் அம்மாவின் பெயரையும் பிறந்த திகதியையும் போடுங்கள். உங்கள் பெயரில் போட்டு அனுப்பினால், அந்தப் படத்தை இங்கே எந்த டொக்டர் நம்புவார்? பட்டரி கார்டியாமொபைலுக்கு சி.ஆர். 2016, இன்னொன்று வாங்கிப் பெட்டிக்குள் வையுங்கள். படம் உங்களுக்கு வந்ததும் அங்கிருந்து பதறி அழைக்காதீர்கள். உங்களுக்குப் பகலாக இருக்கும்போது அவவுக்கு இரவு, அந்த அழைப்பிலேயே நெஞ்சு இன்னும் வேகமாக ஓடும். 'அம்மா, நெஞ்சு வலிக்குதா, மூச்சு வாங்குதா, தலை சுத்துதா?' இந்த மூன்றையும் மெதுவாகக் கேளுங்கள். மூன்றுக்கும் இல்லை என்றால் தண்ணீர் குடித்துவிட்டுப் படுக்கச் சொல்லி, காலையில் அந்தப் பிள்ளையைப் போய்ப் பார்க்கச் சொல்லுங்கள். ஒன்றுக்காவது ஆம் என்றால் அம்மாவின் அழைப்பை வெட்டாமல், வேறு போனில் அந்தப் பிள்ளையை எழுப்பி 1990க்கு அழைக்கச் சொல்லுங்கள். அந்தப் பிள்ளையின் எண்ணை இன்றைக்கே உங்கள் போனில் சேமித்து வையுங்கள்.